கப்பலேறிய எழுத்துப்பிழை

சுங்கைப்பட்டாணியிலிருந்து கூலிம் போகும் பழைய சடக்கின் ஓரத்தில் இன்னும் அங்கங்கே பால்மரங்கள் நிற்கின்றன. செம்பனை விழுங்கியது போக மிச்சம். அவற்றில் ஒன்றைத் தட்டி, "உன் பாட்டன் எந்த ஊர்?" என்று கேட்க முடிந்தால் பிரேசில் என்று சொல்லும். பக்கத்து மரமும் அதையே சொல்லும். பாலிங் மரமும் பீடோங் மரமும்கூட அதையே சொல்லும். 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் கரையிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றினார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை 2,700 சொச்சம். பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. மறுவருடம் சிங்கப்பூரில் வந்து இறங்கியவை 22 நாற்றுகள். நம் அப்பத்தாக்கள் விடியற்காலையில் சீவிய மரங்களெல்லாம் பெரும்பாலும் அந்தக் கைப்பிடி நாற்றுகளின் பிள்ளைகுட்டிகள்தான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது ரப்பரின் கதை இல்லை, ஒரு நோயின் கதை. ஆனால் இரண்டும் ஒரே சூத்திரத்தில் ஓடுகின்றன: கப்பலேறியவர்கள் கொஞ்சம், வாரிசுகள் ஏராளம்.

நோயின் பெயர் லிபாய்ட் புரோட்டினோசிஸ். உலகம் முழுவதும் மருத்துவ ஏடுகளில் பதிவானவர்கள் சில நூறு பேர்தான். முதலில் காட்டிக்கொடுப்பது குரல். பிறந்த குழந்தையின் அழுகையே கம்மிப்போய், தொண்டை கட்டியதுபோல வரும். கொஞ்சம் வளர்ந்ததும், சின்னக் கீறல் பட்டாலும் தோலில் கொப்புளம் எழுந்து வடுவாக நிற்கும். பிறகு தோல் தடித்து, மெழுகு பூசினாற்போல் மஞ்சளாகும். முழங்கையிலும் முட்டியிலும் மருப்போல் சொரசொரப்பு ஏறும். கண்ணிமை ஓரத்தில் பாசிமணி கோத்ததுபோல வரிசையாகச் சின்னஞ்சிறு முடிச்சுகள் வரும். இதைப் பார்த்துவிட்டால் விவரம் தெரிந்த மருத்துவருக்கு வேறு சாட்சி அதிகம் வேண்டாம். நாக்கு கட்டையாகி வெளியே நீட்ட வராது. அதே படிவு குரல்வளையிலும் மூச்சுக்குழலிலும் சேரும்போதுதான் ஆபத்து. சிலருக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யவேண்டி வந்திருக்கிறது. மற்றபடி பெரும்பாலானவர்கள் எல்லோரையும்போல முழு ஆயுளும் வாழ்கிறார்கள், அந்தக் கரகரத்த குரலோடு.

நம் தோட்டத்து லயத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆயாக்கொட்டகையில் "சளி கட்டியிருக்கு" என்பார்கள். தோட்டத்து டிரசர் இருமல் மருந்து கொடுப்பார். முகம் தடிக்கத் தொடங்கியதும் பேச்சு மாறிவிடும். தடித்த தோல், கம்மிய குரல், உதிரும் புருவம்: பழைய கண்ணுக்கு இவையெல்லாம் குஷ்டத்தின் அடையாளங்கள். பினாங்கு மருத்துவமனைகளில்கூட அந்தச் சந்தேகம் முதலில் வந்திருக்கும். இன்றும் பாடப்புத்தகங்கள் இந்த நோயைக் குஷ்டத்தோடு குழப்பிக்கொள்ளாதே என்று மாணவர்களை எச்சரிக்கின்றன. குஷ்டம் என்றால் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் ஒதுக்கிவைப்பார்கள். கப்பலில் வந்த நம் ஆட்களை அம்மை, காலரா பயத்தில் அடைத்து வைத்ததும் அதே தீவில்தான். வரும்போது ஒருமுறை, விதி கெட்டால் இன்னொருமுறை.

சரி, இந்த நோய் எங்கிருந்து கிளம்பியது? இதற்கு ஒரு கப்பலைத் தேடிப் போகவேண்டும்.

1652 ஏப்ரலில் யான் வான் ரீபெக் என்ற டச்சுக்காரர் ஆப்பிரிக்காவின் தென்முனையில் நன்னம்பிக்கை முனையில் இறங்கினார். நாடு பிடிக்கும் திட்டம் அப்போது அவருக்கு இல்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரிடம் கேட்டது காய்கறித் தோட்டம். ஆறேழு மாதம் கடலில் கிடந்து ஈறு வீங்கிச் செத்துக்கொண்டிருந்த மாலுமிகளுக்கு வழியில் முட்டைக்கோசும் நல்ல தண்ணீரும் தேவைப்பட்டன. அந்தக் கப்பல்கள் எங்கே போய்க்கொண்டிருந்தன? நம் பக்கம்தான். 1641ல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடுங்கிய கம்பெனி, கெடாவின் வெள்ளீயத்தின் மேல் கண் வைத்திருந்தது. 1658ல் நாகப்பட்டினத்தையும் பிடித்தது. அந்த நாகப்பட்டினத்தில்தான் அதற்கு அறுநூறு வருடம் முன்பு கடாரத்து அரசன், அதாவது நம் கெடாவோடு சேர்த்துப் பேசப்படும் அதே கடாரம், சூடாமணி விகாரையைக் கட்டினான். விகாரைக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த செப்பேடு டச்சுக்காரர்கள் கையில் சிக்கி ஹாலந்து போய், லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டது. கடாரம், நாகை, லெய்டன், நன்னம்பிக்கை முனை: எல்லாம் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் வெவ்வேறு பக்கங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் அந்த முனையில் இறக்கப்பட்டதும் அதே கணக்கில் எழுதப்பட்டதுதான். கேப் டவுன் பழைய ஏடுகளில் அவர்கள் பெயருக்குப் பின்னால் "கோரமண்டல்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஊரே குடும்பப் பெயராக.

அந்தக் காய்கறித் தோட்டத்துக்கு வந்தவர்களில் யாக்கோப் குளூட்டி என்ற ஜெர்மானியர் ஒருவர். கொலோன் நகரத்துக்காரர். கொஞ்ச காலத்தில் கம்பெனி வேலையிலிருந்து விடுபட்டுச் சொந்தமாக நிலம் உழும் குடியானவர் ஆனார். குடும்பம் தழைத்தது. பின்னாளில் ஹென்ட்ரிக் குளூட்டி என்ற வாரிசு 1778ல் க்ரூட் கான்ஸ்டான்சியா தோட்டத்தை வாங்கிச் செய்த இனிப்புத் திராட்சை மது ஐரோப்பிய அரண்மனைகள் வரை போனது. செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனும் அதைக் குடித்தார். ஒரு குடும்பம் உலகத்துக்கு மது கொடுத்தது என்றால் அதைப் பெருமையோடு எழுதிவைப்பார்கள். அந்தக் குடும்பம் சத்தமில்லாமல் இன்னொன்றையும் கொடுத்தது. அதை எழுதிவைக்க முந்நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

யாக்கோப்போ, அவர் வீட்டார் ஒருவரோ, உடம்பில் ஓர் எழுத்துப்பிழையைச் சுமந்து வந்திருந்தார்கள். சுமந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. ஒரு பிரதியில் பிழை இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். குரல் கணீரென்று இருக்கும், தோல் வழவழப்பாக இருக்கும். பிழையுள்ள இரண்டு பிரதிகள் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய். ஆகவே யாக்கோப் குளூட்டியை நோயைப் பரப்பிய பாவி என்று சொல்வது அபத்தம். நம் ஒவ்வொருவர் மூட்டையிலும் இப்படிச் சில பிழைகள் இருக்கின்றன; சுங்கச்சாவடியில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

யாக்கோப்பின் கொள்ளுப்பேரன் கெரிட் குளூட்டி 1742ல் வடக்கே நமக்வாலாந்து பக்கம் போனார் என்று வம்சாவளி தேடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நமக்வாலாந்து வறண்ட பூமி. வருடத்தில் சில வாரம் மட்டும் மழை தொட்டதும் காடு முழுக்கப் பூவாக மாறும். மற்ற நாளில் கல்லும் வெயிலும்தான். அங்கே மண்ணின் மைந்தர்களான கோய்கோய் மக்களோடு வந்தவர்கள் கலந்தார்கள். சின்னச் சின்ன ஊர்கள், ஒன்றுக்கொன்று வெகுதூரம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பக்கத்து வீட்டில்தான் நடந்தாகவேண்டும். ஏழெட்டுத் தலைமுறையில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். அப்போதுதான் பிழையின் இரண்டு பிரதிகள் ஒரே தொட்டிலில் சந்திக்கத் தொடங்கின, கம்மிய அழுகையோடு.

இதற்கிடையில் ஐரோப்பாவில் மருத்துவர்கள் இதே நோயை வேறு வாசல் வழியாகக் கண்டுபிடித்தார்கள். 1908ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃப்ரீட்ரிக் சீபன்மான் முதலில் எழுதினார். அவர் காது மூக்கு தொண்டை மருத்துவர், தோல் மருத்துவர் இல்லை. குரல் முதலில் போகிற நோயைத் தொண்டைக்காரர் முதலில் பார்த்ததில் ஆச்சரியமில்லை. அவர் குறிப்பு நூலக அலமாரியில் தூங்கியது. 1929ல் வியன்னாவில் தோல் மருத்துவர் எரிக் உர்பாகும் தொண்டை மருத்துவர் கமில்லோ வீத்தேயும் சேர்ந்து விரிவாக எழுதிப் பெயரும் வைத்தார்கள். ஆளுக்கொரு பாதி நோயாளியைப் பார்த்து ஒட்டவைத்ததுபோல. அதனால்தான் உர்பாக்-வீத்தே நோய் என்ற பெயரும் புழங்குகிறது. சீபன்மானுக்குப் பெயர் கிடைக்கவில்லை. முதலில் கண்டவனைவிட நன்றாகப் பெயர் சூட்டியவனுக்கே உலகம் மாலை போடும். மருத்துவத்தில் இது அடிக்கடி நடக்கும்.

பெயரிலும் ஒரு விபத்து. உர்பாக் உடம்பின் ரசாயனக் கணக்கில், குறிப்பாகக் கொழுப்பில், ஆர்வம் கொண்டவர். நீரிழிவுக்காரர்களின் முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு மஞ்சள் படையிலும் கொழுப்பைக் கண்டு எழுதியவர்களில் அவரும் ஒருவர். இந்த நோயாளிகளின் தோலைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தபோது கொழுப்பு தென்பட்டது. உடனே "தோலிலும் சளிச்சவ்விலும் கொழுப்பேற்றம்" என்ற அர்த்தத்தில் ஒரு லத்தீன் பெயர். பிறகு புரதமும் இருக்கிறது என்று தெரிந்து, லிபாய்ட் புரோட்டினோசிஸ், கொழுப்பும் புரதமும் சேர்ந்த நோய், என்று திருத்தினார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் பார்த்தால், அங்கே சேர்ந்திருப்பது கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு புரதப் படிவு. தோலின் அடித்தளச் சவ்வு வெங்காயத்தோல்போல அடுக்கடுக்காகப் பெருத்துக் கிடந்தது. கொழுப்பு அதில் வந்து ஒட்டிக்கொண்ட வழிப்போக்கன். ஆனால் பெயர் நின்றுவிட்டது. இன்றும் இதை லிபாய்ட் என்று சொல்லும்போது, நாம் 1929ன் வியன்னாவைத்தான் திருப்பிச் சொல்கிறோம்.

வியன்னாவும் நிலைக்கவில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை உள்ளே வந்தது. உர்பாக் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, ஃபிலடெல்ஃபியாவில் ஒவ்வாமை பற்றிய நிபுணராக மறுவாழ்வு தொடங்கினார். 1946ல் இறந்தார். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியதும் அதே 1938ல்தான். ஒரு பக்கம் ஒரு கதவு சாத்தியது, இன்னொரு பக்கம் ஒருவர் கதவைத் திறந்து ஓடினார். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இல்லை, வருடம்தான் ஒன்று.

தென்னாப்பிரிக்காவில் இந்த நோய் மற்ற நாடுகளைவிட அதிகம் என்று மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். அங்குள்ள தோல் மருத்துவர் ஹெய்ல் ஒரு வேலை செய்தார்: ஊசியும் நுண்ணோக்கியும் எடுக்காமல் ஞானஸ்நானப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் எடுத்தார். நோயாளிகளின் அப்பா, பாட்டன், பூட்டன் என்று ஏறிக்கொண்டே போனார். கிளைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சேர்ந்து கடைசியில் 17ஆம் நூற்றாண்டின் ஒரு வாசலில் வந்து நின்றன. 1970ல் அந்த வம்சாவளி ஆய்வு அச்சானது. தோட்டத்துக்கு ஆள் பிடித்த நம் கங்காணிகள் பேர்ப்பட்டியல் எழுதிய லட்சணத்துக்கு இப்படி ஒரு வேலையைக் கெடாவில் செய்ய முடியுமா என்று ஒரு பெருமூச்சு எனக்கு வருகிறது. "ராமசாமி, த/பெ முனியன்" என்பதோடு நம்மில் பலருக்குப் பாதை முடிந்துவிடும்.

காகிதம் சொன்னதை 2002ல் ரத்தம் ஒத்துக்கொண்டது. ஹமாதா என்ற ஜப்பானிய மருத்துவரும் லண்டன் மெக்ராத்தும் அவர்கள் குழுவினரும், நெருங்கிய உறவில் மணந்த குடும்பங்களை வைத்துத் தேடி, முதல் குரோமோசோமில் பிழை இருக்கும் இடத்தைப் பிடித்தார்கள். மரபணுவின் பெயர் இசிஎம்1. உயிரணுக்களுக்கு நடுவே இருக்கும் இடத்தைக் கட்டிப்பிடித்து ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு புரதத்தை அது எழுதுகிறது. செங்கல்லுக்கு நடுவே காரைபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 540 கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. நமக்வாலாந்துக்காரர்களிடம் 276ஆம் கண்ணியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சி இருக்கவேண்டிய இடத்தில் டி. அந்த மாற்றத்தால் அங்கே முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது; சங்கிலி பாதியில் நிற்கிறது. மற்ற நாடுகளின் நோயாளிகளிடம் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு பிழை. நமக்வாலாந்தில் மட்டும் ஆளுக்கு ஆள் அதே எழுத்து, அதே இடம். ஒரே அச்சுப்பிழையைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்தால்தான் இப்படி வரும். பரீட்சையில் பத்து மாணவர்கள் ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருந்தால் வாத்தியாருக்குச் சந்தேகம் வருவதுபோல.

இந்த நோயில் இன்னொரு வினோதம் உண்டு. சிலருக்கு மூளையின் இரண்டு பக்கமும், பாதாம்பருப்பு அளவில் உள்ள அமிக்டலா என்ற பகுதியில் சுண்ணாம்பு படிந்து அது கெட்டுப்போகும். அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு பெண்மணிக்கு அப்படி ஆனது. ஆராய்ச்சி உலகம் அவரை எஸ்.எம். என்ற இரண்டு எழுத்தில் மட்டும் அறியும். 1994ல் வந்த கட்டுரையில் அவர் முகங்களைப் பார்த்து மகிழ்ச்சியையும் கோபத்தையும் சொல்கிறார், பயத்தை மட்டும் இனம்காண முடியவில்லை. பிறகு அவருக்கே பயம் வருமா என்று பார்த்தார்கள். பாம்புக் கடைக்குக் கூட்டிப்போனால் பாம்பைக் கையில் எடுத்துத் தடவிக்கொடுக்கிறார். கெண்டக்கியில் பழைய காசநோய் மருத்துவமனையைப் பேய்வீடாக்கி டிக்கெட் போடுகிறார்கள்; அங்கே கூட்டிப்போனால், பேய் வேடம் போட்டவனின் தலையை விரலால் குத்திப் பார்க்கிறார், பயந்தது பேய்தான். நம் தோட்டத்தில் இவர் பிறந்திருந்தால் முனி நடமாடும் பாலத்தை ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாகக் கடந்து, ஊரே அவரைச் சாமியாடி ஆக்கியிருக்கும்.

ஆனால் எஸ்.எம்.மை வைத்து எல்லோரையும் எடைபோடக் கூடாது. 2013ல் அவருக்கும் இதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளுக்கும் கரியமில வாயு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது, மூவரும் பீதியில் துடித்துப்போனார்கள். வெளியிலிருந்து வரும் பயத்துக்குத்தான் கதவு அடைத்திருந்தது, உள்ளே மூச்சு முட்டினால் வரும் பயத்துக்கு வேறு வழி இருந்தது. நமக்வாலாந்தில் அமிக்டலாவின் ஒரு பகுதி மட்டும் கெட்டவர்களைப் பார்த்தபோது கதை இன்னும் திரும்பியது. அவர்கள் பயத்துக்கு மற்றவர்களைவிட அதிகம் விழித்துக்கொள்கிறார்கள். பணம் முதலீடு செய்யும் ஒரு விளையாட்டில் முன்பின் தெரியாதவரிடம் தாராளமாகக் காசை நம்பிக் கொடுத்தார்கள். எதிராளி திருப்பித் தரமாட்டார் என்று நினைத்தபோதும் கொடுத்தார்கள். யாக்கோப் குளூட்டியின் மூட்டையில் வந்த ஓர் எழுத்து, நவீன மூளை ஆராய்ச்சிக்கு ஒரு பள்ளிக்கூடமே கட்டிக்கொடுத்துவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியாவிலிருந்தும் இந்த நோய் மருத்துவ ஏடுகளில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் ஒரே மாதிரி வரிகள்: அண்ணனுக்கும் தங்கைக்கும் நோய், பெற்றோர் நெருங்கிய சொந்தம். நமக்கு இது புதிய செய்தி இல்லை. மாமன் மகள், அத்தை மகன், ஏன், அக்காள் மகளே முறைப்பெண். நம் முறை இங்கே சட்டத்திலும் ஏறியிருக்கிறது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் மாமன் மருமகள் திருமணத்தை முஸ்லிம் அல்லாத எல்லோருக்கும் தடைசெய்துவிட்டு, இந்துக்கள் மட்டும் வழக்கப்படி அக்காள் தங்கை மகளை மணக்கலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் தாய்மாமனுக்கு இடம் பிடித்துக்கொடுத்த சாமர்த்தியம் நம்முடையது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 500 பேரில் ஒருவர் ஒரு பிழையைச் சுமக்கிறார் என்று வையுங்கள். சொந்தமே இல்லாத இருவர் மணந்தால், இருவரும் சுமப்பவராக இருந்து, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் வந்து சேர 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. மாமன் மகளை மணந்தால், அதே பிழை அவளிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே 16,000ல் ஒன்று. அக்காள் மகள் என்றால் 8,000ல் ஒன்று. பயமுறுத்தும் எண்ணாக இது தெரியலாம். 8,000ல் 7,999 பிள்ளைகள் கணீரென்று அழும் என்பதும் இதே கணக்குதான். ஆனால் பிழைகள் ஒன்றிரண்டல்ல, பலவகை. எல்லாவற்றையும் கூட்டினால்தான் நெருங்கிய சொந்தத்தின் முழு விலை தெரியும். வேலூரில் ராவும் இன்பராஜும் 1970களில் வட ஆற்காட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, உறவுத் திருமணத்தால் பிள்ளைப்பேற்றில் எதிர்பார்த்த அளவு கெடுதல் தெரியவில்லை என்று எழுதினார்கள். பல தலைமுறையாக இப்படியே மணந்து வந்ததில் மோசமான பிழைகள் வடிகட்டப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கர்நாடகத்தில் நடந்த ஆய்வுகள் அவ்வளவு நிம்மதி தரவில்லை. வட ஆற்காட்டை இங்கே இழுத்ததற்குக் காரணம், கங்காணிமார் கெடாவுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு.

கங்காணி எப்படி ஆள் பிடித்தான் என்பதிலும் விஷயம் இருக்கிறது. கையில் உரிமக் காகிதத்தோடு சொந்த ஊருக்குப் போவான். முதலில் தம்பி, பிறகு மச்சான், மச்சானின் பங்காளி, அவன் பெண்டாட்டியின் தங்கை குடும்பம். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஒரே தோட்டத்தின் ஒரே லயத்தில் குடியேறினால், அது ஊரின் ஒரு தெருவைப் பெயர்த்து வைத்ததுதான். லயத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவை. நமக்வாலாந்துக்குக் கெரிட் குளூட்டி போனதற்கும் பாடாங் செராய்க்கு ஒரு கங்காணியின் கூட்டம் வந்ததற்கும் மரபியல் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை.

எந்தப் பிழை எந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது என்பது வெறும் அதிர்ஷ்டம். ஆந்திரத்து வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தும் ஒரு மருந்து கொடுத்தால், நிமிடக் கணக்கில் தெளியவேண்டியது மணிக்கணக்கில் தெளியாது. அவர்கள் மூதாதையர் சிலரின் ஓர் எழுத்துப்பிழை அது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். 2017ல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, அவற்றில் 81 சமூகங்களில் இப்படிச் சில மூதாதையரிலிருந்து பெருகிய தடயம், அதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விட ஆழமாக இருப்பதைக் காட்டியது. அந்த 81ல் 14 சமூகங்களின் மக்கள்தொகை 10 லட்சத்துக்கு மேல். கூட்டம் பெரிதாக இருப்பதால் கிளம்பியவர்களும் அதிகம் என்று நினைப்பது நம் கண்ணின் பிழை.

இந்த நோய்க்கு முழுத் தீர்வு இன்னும் வரவில்லை. குரல்வளையில் படிந்ததை லேசரால் சுரண்டி எடுக்கிறார்கள். மறுபடி படிந்தால் மறுபடி சுரண்டுகிறார்கள். வைட்டமின் ஏ குடும்பத்து மாத்திரைகள் சிலருக்குக் குரலை மெல்லத் திறந்துவிட்டிருக்கின்றன. நல்ல மருத்துவர் முதலில் செய்வது ரொம்ப எளிய காரியம்: நாக்கை நீட்டச் சொல்வார், இமை ஓரத்தைப் பார்ப்பார், பிறகு "சின்ன வயசிலிருந்தே குரல் இப்படித்தானா?" என்று அம்மாவிடம் கேட்பார். பெற்றோர் சொந்தமா என்பது அடுத்த கேள்வி.

ரப்பர் மரத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது. பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு கோடிக்கணக்கில் கொட்டி வளர்த்த ரப்பர்க் காட்டை ஓர் இலைநோய் தின்றுதீர்த்த கதை எல்லா ஆராய்ச்சியாளருக்கும் ஞாபகம் இருந்தது. நம் மரங்களெல்லாம் ஒரே குடும்பம், ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி அச்சு அசலாக ஒன்றுபோல நிற்பவை. அந்த நோய் இங்கே வந்தால் ஒன்று விழும்போது எல்லாம் விழும். அதனால் 1981ல் உலக ரப்பர் ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து மறுபடியும் அமேசான் காட்டுக்குள் போய் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைப் பொறுக்கின. அவற்றில் ஒரு பங்கு மலேசியா வந்தது. விக்காம் கிளம்பி 105 வருடம் கழித்துப் பால்மரத்துக்குப் புது சம்பந்தி.

மனிதர்களுக்கு யாரும் விதை பொறுக்கப் போகவேண்டியிருக்கவில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள், செம்பனை நட்டார்கள், லயங்கள் காலியாயின. சனம் சுங்கைப்பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் என்று பட்டணத்தில் கலந்தது. இப்போது சுங்கைப்பட்டாணிக் கல்யாண மண்டபத்தில் பெண் பீடோங்காக இருந்தால் மாப்பிள்ளை கிள்ளானாக இருக்கிறான். இருவரும் சந்தித்தது தொழிற்பேட்டை ஆலையில். தாய்மாமன் வரிசைத் தட்டோடு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மாலை போடும்போது அவரைக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்று சாப்பாட்டுப் பந்தி வரை முறுக்கிக்கொண்டு இருந்தவரை, அக்காள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.